புதிய ஆப்புக்குக் கருத்து வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புதிதாக ஆப்போ இணையச் சேவையோ வெளியிட்டவர்களின் புலம்பல் சுற்றிச் சுற்றி ஒரே ஏழெட்டுதான். "யாருமே எதுவும் சொல்ல மாட்டேங்கிறாங்க." "எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க, ஆனா திரும்ப வர்றதில்ல." "வேலை செய்யலன்னு எழுதியிருக்காங்க, எதுன்னு தெரியல." இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

உங்கள் அறிகுறி எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசும் நாளும் பிடிப்பது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டாதீர்கள். பயனர்களுக்கு அக்கறை இல்லை என்ற முடிவுக்கு வருமுன், பெரும்பாலும் கோளாறு நம் பக்கத்திலேயே அகப்பட்டுவிடும்.

## அறிகுறி 1: ஒரு கருத்துகூட வரவில்லை

### அனுப்பினால் வந்து சேர்கிறதா?

ஆப்பை உருவாக்கிய குழுவில் இல்லாத ஒருவரின் போனை வாங்குங்கள். புதிய கணக்கு தொடங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு கருத்தை அனுப்பிப் பாருங்கள். உங்கள் சொந்தப் போனில் செய்தால் கணக்கில் சேராது. அதில் எல்லா அனுமதியும் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். அனுப்பியதோடு நிறுத்தாமல், அந்தக் கருத்து கடைசியில் எந்த மனிதரின் கண்ணில் பட்டது என்பது வரை தொடர்ந்து போங்கள். வழியில் அடிக்கடி அகப்படும் ஓட்டைகள்:

- "எங்களுக்கு எழுதுங்கள்" என்பது வெறும் மெயில் இணைப்பாக இருக்கும். கணினியில் மெயில் மென்பொருள் அமைக்காதவர் அதை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. முகவரியை எழுத்திலும் காட்டுங்கள், பக்கத்தில் நகலெடுக்க ஒரு பட்டன் வையுங்கள்.
- சிறிய திரையில் கீபோர்டு எழும்பியதும் "அனுப்பு" பட்டன் அதன் அடியில் போய்விடும். நாலு வரி பொறுமையாகத் தட்டச்சு செய்தவர் பட்டனைத் தேடிப் பார்த்துவிட்டுப் பின்னால் போய்விடுவார்.
- கருத்துப் பெட்டி வெளியாரின் விட்ஜெட்டாக (உங்கள் பக்கத்தில் ஒட்டவைத்த அவர்களுடைய சிறு பகுதி) இருந்தால், விளம்பரத் தடுப்பான்கள் அதையும் சேர்த்துத் தடுக்கக்கூடும். தடுப்பான் போட்ட பிரௌசரில் ஒருமுறை திறந்து பாருங்கள்.
- வரவேற்பு மெயில் "பதில் அனுப்ப வேண்டாம்" முகவரியிலிருந்து போகும். புதிதாக வந்த ஒருவர் ஏதாவது சொல்ல நினைத்தால் அந்த மெயிலுக்குத்தான் பதில் போடுவார். அந்தக் கதவைப் பூட்டி வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்றால் எப்படி?
- ஃபார்மின் அறிவிப்பு, வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். அல்லது பொது இன்பாக்ஸின் ஸ்பேம் பெட்டியில் குவிந்திருக்கும். இன்றே திறந்து பாருங்கள், ஏதாவது இருக்கும்.

### பேசுவதற்கு ஆள் இருக்கிறார்களா?

பதிவிறக்க எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஆப் எந்த வேலைக்காக இருக்கிறதோ அந்த வேலையை ஒருமுறையாவது முடித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அது இருபது முப்பதுக்குள் இருந்தால் மௌனம் இயல்பு. அந்த நிலையில் ஃபார்மை மெருகேற்றுவது வீண் வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

### கேட்கும் நேரம் சரியா?

ஆப்பைத் திறந்ததுமே "எங்களை மதிப்பிடுங்கள்" என்றால் மூடிவிடுவார்கள்; ஒரு வேலைக்காக வந்தவரை வாசலில் மறித்தால் அப்படித்தான். வேலை முடிந்த அடுத்த கணத்தில் கேளுங்கள். அதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு: வேலை முறிந்த இடம். பிழைச் செய்தியின் கீழேயே "என்ன செய்ய முயன்றீர்கள்?" என்று ஒற்றைப் பெட்டி வைத்தால், தனிப் பக்கத்தில் வைத்த ஃபார்மைவிடப் பயனுள்ள பதில் வரும்.

### கேட்கும் மெயில் போய்ச் சேர்கிறதா?

மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றையும் உங்கள் டொமைனுக்கு அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு இந்த மூன்றும் கட்டாயம். ஸ்பேம் என்று புகார் செய்யப்படும் விகிதமும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. குறைவாக அனுப்புவோரும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் மெயில்கள் ஸ்பேமுக்கே போகின்றன என்றால், டொமைனின் நற்பெயர் கெட்டிருக்கலாம். இதை நீங்களே நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். மெயில் சேர்ப்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

### எல்லாம் சரி, அப்போதும் மௌனம்

சர்வேயைக் கைவிட்டு, ஒரு மனிதர் எழுதுவதுபோல் எழுதுங்கள். அலங்காரமோ லோகோவோ வேண்டாம்:

"வணக்கம். கணக்குத் தொடங்கியதற்கு நன்றி. எந்த வேலைக்காக எங்கள் ஆப்பைத் தேடி வந்தீர்கள்? வந்த வேலை முடிந்ததா? ஒரு வரி போதும். பதிலை நானே படிக்கிறேன்."

கீழே உண்மையான ஒரு பெயர் இருக்கட்டும். "நீங்கள் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டீர்கள்" என்றெல்லாம் எழுத வேண்டாம். உதவுவதாக நினைத்து எழுதுவீர்கள், படிப்பவருக்கு உளவு பார்த்ததுபோல் இருக்கும்.

## அறிகுறி 2: எல்லாரும் "நல்லாருக்கு" என்கிறார்கள், யாரும் திரும்ப வருவதில்லை

### சொல்வது யார்?

நண்பர்கள், உறவினர்கள், பழைய சக ஊழியர்கள் சொன்னதைத் தனியே எடுத்து வையுங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உங்களை மதிக்கிறார்கள். மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். பல நேரம் ஒன்றுமே மிஞ்சாது. அப்படியானால் நீங்கள் முதல் அறிகுறிக்காரர், மேலே போங்கள்.

### கேள்வியே பதிலைக் கொடுத்துவிடுகிறதா?

"ஆப் பிடிச்சிருக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்டால் யார் இல்லை என்பார்கள்? கருத்தைக் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள்.

"பிடிச்சிருக்கா?" என்பதற்குப் பதிலாக: "கடைசியா எப்போ திறந்தீங்க? எதுக்காகத் திறந்தீங்க?"

"இந்த வசதி வந்தா பயன்படுத்துவீங்களா?" என்பதற்குப் பதிலாக: "இப்போ அந்த வேலையை எப்படிச் செய்றீங்க?"

"கஷ்டமா இருந்துச்சா?" என்பதற்குப் பதிலாக: "எனக்கு முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுறீங்களா?"

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. செய்து காட்டும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் இதில் கடினம். அவர் விரல் ஒரு பட்டனுக்கு மேல் போய் நிற்கும், விலகும், இன்னொன்றுக்குப் போகும். உடனே "அதுதான், அழுத்துங்க" என்று சொல்லத் துடிப்பீர்கள். சொன்னால் அந்தத் தயக்கத்தின் காரணம் கடைசி வரை தெரியாது. "இதை அழுத்தணுமா?" என்று அவரே கேட்டால், "நான் பக்கத்துல இல்லாட்டி என்ன செஞ்சிருப்பீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொன்னதைவிட, தயங்கிய இடங்களை நேரத்தோடு குறித்து வையுங்கள்.

எத்தனை பேர் போதும்? பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கணக்குப்படி, ஒருவரைக் கவனித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் தெரியும்; ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும். இது ஒரே வகைப் பயனர்களுக்கான கணக்கு. ஆசிரியர், மாணவர் என்று இரு தரப்பினர் பயன்படுத்தும் ஆப் என்றால் தனித்தனியாகப் பாருங்கள். எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றுதான் ஐந்து பேர் காட்டுவார்கள். இந்த ஆப் உலகத்துக்குத் தேவையா என்பதை அவர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

### தேவையே இல்லையோ?

இது செலவு அதிகம் பிடிக்கும் காரணம், ஆனால் சோதனை எளிது. சமீபத்தில் இரண்டு தடவையாவது பயன்படுத்தியவர்களிடம் ஸ்டார்ட்அப் வளர்ச்சி ஆலோசகர் ஷான் எல்லிஸ் பரப்பிய கேள்வியைக் கேளுங்கள்: "நாளை முதல் இந்த ஆப் இல்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" மிகவும் ஏமாற்றமாக இருக்கும், கொஞ்சம் ஏமாற்றம், ஒன்றும் இல்லை என்று மூன்று விடைகள். "மிகவும்" என்பவர்கள் 40 சதவீதத்தைத் தாண்டினால் நிலைத்து நிற்க வாய்ப்பு என்பது அவர் வைத்த அளவுகோல். பத்துப் பேரின் பதிலுக்குச் சதவீதம் போடாதீர்கள். "மிகவும்" என்றவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் படியுங்கள், அது போதும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: முன்பின் அறியாத எட்டுப் பத்துப் பேரிடம் இப்படிப் பேசியும் படம் தெளியவில்லை என்றால், பயனர் ஆய்வு செய்பவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். குழந்தைகள், நோயாளிகள் பயன்படுத்தும் ஆப் என்றால் முதல் பேச்சுக்கு முன்பே கூப்பிடுங்கள். ஒப்புதல் வாங்கும் முறையே அங்கே வேறு.

## அறிகுறி 3: "வேலை செய்யல" என்கிறார்கள், நம்மிடம் எல்லாம் சரியாக ஓடுகிறது

நேரத்தை அதிகம் தின்பது இதுதான்.

### விவரம் கேட்டீர்களா?

பத்துக் கட்டம் உள்ள ஃபார்மைத் திருப்பி அனுப்பாதீர்கள். மூன்றே கேள்வி: என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது? முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட். எழுதக் கூச்சப்படுபவர்களுக்குக் குரல் பதிவு அனுப்ப வழி இருந்தால், அரை நிமிடப் பேச்சில் இரண்டு பக்க விவரம் வரும்.

### போனும் வெர்ஷனும் தானாக வருகின்றனவா?

ஆப் வெர்ஷன், இயங்குதளத்தின் வெர்ஷன், போன் மாடல், மொழி அமைப்பு, எழுத்தளவு, நேரம், நேர மண்டலம். இவற்றைப் பயனரிடம் கேட்கக் கூடாது. கருத்தோடு ஆப்பே சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்புமுன் என்னென்ன போகிறது என்று அவருக்குக் காட்டிவிடுங்கள். எழுத்தளவைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பார்வை மங்கியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அங்கே "சேமி" பட்டன் திரைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கும். அவருக்கு ஆப் உண்மையிலேயே வேலை செய்யவில்லை; நமக்கு ஒரு குறையும் தெரியாது. உங்கள் போனில் எழுத்தை உச்ச அளவுக்கு ஏற்றிவிட்டு ஆப்பை ஒருமுறை முழுக்கச் சுற்றி வாருங்கள்.

### அவரிடம் இருப்பது பழைய வெர்ஷனா?

புதிய வெர்ஷனை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் படிப்படியாக வெளியிட்டிருந்தால், திருத்தம் அவரைப் போய்ச் சேர்ந்தே இருக்காது. இணையச் சேவையானால் பிரௌசரின் கேஷ் (முன்பு சேமித்து வைத்த நகல்) பழைய கோப்பையே கொடுத்துக்கொண்டிருக்கும். "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் எழுதுமுன் அவருடைய வெர்ஷன் எண்ணைப் பாருங்கள்.

### கிராஷ் அறிக்கையைப் படிக்க முடிகிறதா?

ஆப் திடீரென நின்றுபோனால் அறிக்கை வரும், ஆனால் ஃபங்ஷன் பெயர்கள் ஆண்ட்ராய்டில் ஏ, பி, சி என்று ஓரெழுத்திலும், ஐபோனில் வெறும் எண்களாகவும் இருக்கும். உண்மைப் பெயர்களை மீட்டுத் தரும் கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டில் குறியீட்டைச் சுருக்கும்போது உருவாகும் மேப்பிங் கோப்பையோ, ஐபோனில் டிசிம் கோப்பையோ அந்த வெர்ஷனுக்கு ஏற்றாமல் விட்டதுதான் காரணம். ஒவ்வொரு வெளியீட்டிலும் இது தானாக ஏறும்படி அமையுங்கள். அப்புறம், ப்ளே ஸ்டோரில் ஆப் வெளியிடுவோருக்கான ப்ளே கன்சோலில், கிராஷ் விகிதத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அன்றாடப் பயனர்களில் கண்ணுக்குத் தெரியும் கிராஷைச் சந்திப்பவர்கள் 1.09 சதவீதத்தைத் தாண்டினால், கடையில் உங்கள் ஆப் கண்ணில் படுவதே குறையலாம்.

### ஒரே புகார் பல வேடத்தில் வருகிறதா?

ஒருவர் "லாகின் ஆகல" என்பார், இன்னொருவர் "உள்ளே போக முடியவில்லை" என்பார், மூன்றாமவர் அதையே ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டுவார். ஒரு சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு "ஒரே ஒரு புகார்தான்" என்று எண்ணிவிடாதீர்கள். வெளியான முதல் மாதங்களில் ஒவ்வொரு கருத்தையும் ஒரு மனிதர் படித்துக் கையால் வகை பிரிப்பதற்கு ஈடு இல்லை. இது கருவியிடம் ஒப்படைக்கும் வேலை அல்ல, குறைந்தது அந்த அளவில் அல்ல.

### கடைசி வழி

திரையில் நடப்பதைப் பதிவு செய்யும் கருவி. உதவும், ஆனால் காசும் பொறுப்பும் கூடவே வரும். கடவுச்சொல், பண விவரம், தனிப்பட்ட செய்தி எல்லாம் மறைக்கப்பட வேண்டும். ஐரோப்பியப் பயனர்கள் இருந்தால் 2018 மே 25 முதல் அமலில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். கருவியை இயக்குமுன் தனியுரிமைச் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய புகார் ஒன்று உண்டு: "வேறொருத்தர் பேரு, விவரம் என் திரையில தெரியுது." இது வந்தால் மேலே சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு, நடந்தவற்றின் பதிவுகளான லாக்குகளை அழியாமல் எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே பாதுகாப்பு வல்லுநரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 4: ஆப்புக்குள் மௌனம், கடையில் ஒற்றை நட்சத்திரம்

புகார் சொல்ல உள்ளே வழி தெரியாதவர் வெளியே போய்ச் சொல்கிறார். எனவே முதல் வேலை, உள்ளே இருக்கும் கருத்து வழி எத்தனை தட்டலில் வருகிறது என்று எண்ணுவது. இரண்டைத் தாண்டக் கூடாது.

அடுத்து, மதிப்பீடு கேட்கும் பெட்டி எங்கே எழுகிறது என்று பாருங்கள். ஆப்பிளின் பெட்டி ஒரு பயனருக்கு 365 நாளில் மூன்று முறைக்கு மேல் தோன்றாது. கூகுளும் தன் பங்குக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே "மதிப்பிடு" என்ற பட்டனை அழுத்தினால் அந்தப் பெட்டி வரும்படி கட்டாதீர்கள். வராமல் போனால் பட்டன் கெட்டதுபோல் தெரியும். பட்டன் வேண்டுமென்றால் அது கடைப் பக்கத்தை நேரே திறக்கட்டும்.

"பிடிச்சிருக்கா?" என்று முதலில் கேட்டு, ஆம் என்றவரை மட்டும் கடைக்கு அனுப்பும் தந்திரம் பலருக்குத் தெரியும். மதிப்பீட்டுப் பெட்டிக்கு முன் அப்படி எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்பது கூகுளின் வழிகாட்டுதல். பரிசு கொடுத்து நட்சத்திரம் வாங்குவதை இரு கடைகளும் தடை செய்திருக்கின்றன.

ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதுங்கள். ப்ளே ஸ்டோரில் 350 எழுத்துக்குள் முடிக்க வேண்டும், ஆகவே வருத்தத்தில் பாதியைச் செலவழிக்காமல், எது சரிசெய்யப்பட்டது, எந்த வெர்ஷனில் என்று சொல்லுங்கள். பயனர் தன் மதிப்பீட்டைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியும்.

## அறிகுறி 5: வசதி கேட்டுக் குவிகிறது, ஒன்றுக்கொன்று முரண்

செய்திகளை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். நாற்பது கோரிக்கையில் பதினைந்து ஒரே ஆளுடையதாக இருக்கும். பிறகு ஒவ்வொருவரிடமும், "இது இல்லாம கடைசியா எப்போ மாட்டிக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். சம்பவம் சொல்ல முடியாதவரின் கோரிக்கை காத்திருக்கலாம். முரண்படும் இருவர் பெரும்பாலும் வேறு வேறு வேலைக்காக வந்தவர்கள். யாருக்காக ஆப்பைக் கட்டுகிறீர்கள் என்பது முடிவாகாதவரை அந்த முரண் தீராது. அதை எந்த வல்லுநரும் உங்களுக்காக முடிவு செய்ய மாட்டார்.

## அறிகுறி 6: மதிப்பெண் நன்றாக இருக்கிறது, ஆட்கள் குறைகிறார்கள்

மதிப்பெண் கொடுத்தது யார் என்று பாருங்கள். போனவர்கள் சர்வே நிரப்புவதில்லை. மிச்சம் இருப்பவர்களின் மகிழ்ச்சியைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள். கணக்கை மூடும் பக்கத்தில் விருப்பமிருந்தால் நிரப்பும் ஒற்றைக் கேள்வி வையுங்கள். மூடுவதற்குத் தடையாக வைக்காதீர்கள்.

அடுத்தது எண்ணிக்கை. வணிக ஆலோசகர் ஃபிரெட் ரைக்கெல்ட் 2003-இல் அறிமுகப்படுத்திய என்பிஎஸ் முறையில், பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கி, 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். இருபது பேர் பதில் சொன்ன இடத்தில் இரண்டு பேர் 9-லிருந்து 6-க்கு இறங்கினால் மதிப்பெண் 20 புள்ளி விழுந்துவிடும். அதை வரைபடமாகப் போட்டுக் கூட்டத்தில் விவாதிப்பதைவிட அந்த இருவருக்கும் போன் செய்வது மேல்.

"ஒருத்தரும் புகார் சொல்லல" என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். முப்பது பேரைக் கவனித்ததில் ஒருவருக்கும் அந்தச் சிக்கல் வரவில்லை என்றாலும், மொத்தப் பயனர்களில் பத்து சதவீதம் வரை அது இருக்க இடமுண்டு, 95 சதவீத நம்பிக்கை அளவில்.

எண்களை வைத்து விலை மாற்றம், ஆட்குறைப்பு மாதிரிப் பெரிய முடிவு எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் புள்ளியியல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 7: முதலில் எழுதியவர்கள் மறுபடி எழுதுவதில்லை

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பதில் போகவில்லை. "உங்கள் கருத்து கிடைத்தது" என்ற தானியங்கி மெயில் பதில் ஆகாது. புகார்ப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சொன்னவரின் முகவரியைச் சேர்த்து வையுங்கள். அந்தப் பிழை சரியாகிவிட்ட நாளில் ஒரு வரி எழுதுங்கள்: "நீங்கள் சொன்ன பிழை இன்று வந்த வெர்ஷனில் சரியாகிவிட்டது. ஒருமுறை பார்த்துச் சொல்கிறீர்களா?" செய்யப் போவதில்லை என்றாலும் அதைச் சொல்லிவிடுங்கள். "இல்லை" என்ற பதிலாவது கிடைத்தவர்கள் மறுபடி எழுதுகிறார்கள். எந்தப் பதிலும் கிடைக்காதவர்கள்தான் எழுதுவதில்லை.

## அறிகுறி 8: சோதனைக் குழு பெயருக்கு இருக்கிறது

வெளியிடுமுன் ஆப்பைச் சோதிக்க ஆளைச் சேர்த்ததோடு விட்டிருப்பீர்கள். ப்ளே ஸ்டோரில் 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகள், பொதுவில் வெளியிடுமுன் 12 பேரைத் தொடர்ந்து 14 நாள், அழைத்தவர்கள் மட்டும் சேரும் மூடிய சோதனையில் வைத்திருக்க வேண்டும் (முதலில் 20 பேர் என்று இருந்தது). அந்த எண்ணிக்கையை நிரப்பச் சேர்த்த ஆட்களிடம் கருத்து எதிர்பார்க்காதீர்கள். கருத்துக்கென்று தனியாக ஐந்தாறு பேரை, அந்த வேலையை உண்மையிலேயே தினமும் செய்பவர்களை, தேடிச் சேருங்கள். "சோதித்துப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், வாரம் ஒரு வேலை கொடுங்கள்: இந்த வாரம் ஒரு பட்டியலை ஏற்றுங்கள், அடுத்த வாரம் அதை இன்னொருவரோடு பகிருங்கள் என்பதுபோல்.

ஐபோன் பக்கம் எல்லாரும் ஒரே நாளில் காணாமல் போனால் பதற வேண்டாம். ஆப்பிளின் சோதனைக் கருவியான டெஸ்ட்ஃப்ளைட்டில் ஒரு வெர்ஷன் 90 நாளில் காலாவதியாகிவிடும். புதியதை ஏற்றுங்கள்.